எண்ணெய் வைக்க ஓர் ஆள்

தீபாவளி பிறக்க இன்னும் நாற்பத்திரண்டு மணி நேரம் இருந்தபோது, திலகவதியின் காதுக்குப் பின்னால் பதிந்திருந்த வாங்கி அவளுக்காக நூற்றுப் பன்னிரண்டாவது பரிசை வாங்கி முடித்தது. அவள் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கள் சித்தப்பாவின் மருமகளுக்குப் பட்டுக் கையுறை," என்றது வாங்கி.

"எந்தச் சித்தப்பா?" என்று நுரையோடு கேட்டாள் திலகவதி.

"தேவையற்ற தகவல். நிறம் மாம்பழ மஞ்சள். அவருக்குப் பிடிக்கும்."

வாங்கி ஓர் அரிசி மணி அளவுதான் இருக்கும். யாருக்கு எப்போது என்ன கொடுக்க வேண்டும் என்பதை அது நினைவில் வைத்திருக்கும். வாங்கும். வண்ணத் தாள் சுற்றி அனுப்பும். வந்த பரிசுக்கு, பெற்றவரின் குரலிலேயே நன்றியும் சொல்லும். நிலவின் தரைக்கு அடியில் குடைந்து கட்டிய மல்லிகைப் பள்ளத்தில், பண்டிகைக்கு மறந்துவிட்டதாக யாரும் யாரிடமும் திட்டு வாங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நன்றி சொல்லியாகிவிட்ட பெட்டிகளை அடுக்குவதற்கென்றே ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை இருந்தது. அதன் பெயர் நன்றி அறை. வீட்டிலேயே அதுதான் பெரிய அறை.

"அடுத்தது உங்கள் தோழி பூங்கோதை," என்றது வாங்கி. "அவரிடமிருந்து புதிய தேவை ஒன்று பதிவாகியிருக்கிறது. 'எண்ணெய் வைக்க ஆள் இல்லை.'"

திலகவதியின் கை நின்றது. "என்ன சொன்னே?"

"எண்ணெய் வைக்க ஆள் இல்லை. தீர்வு கண்டாயிற்று. நல்லெண்ணெய் பன்னிரண்டு லிட்டர். தலை தேய்க்கும் இயந்திரக் கை ஒன்று. ஆறு விரல்."

"ஆறு விரல் எதுக்கு?"

"ஐந்து விரல் இருப்பில் இல்லை."

திலகவதி வாயைக் கொப்பளித்துவிட்டுக் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

நிலவில் படித்த நான்கு ஆண்டுகளும் அவளும் பூங்கோதையும் விடுதியில் ஒரே அறை. தீபாவளிக்குப் பூமிக்குப் போய்வருவது அவர்கள் வீட்டில் யாராலும் முடியாத காரியம். எனவே விடியும் முன்பே எழுந்து, ஒருத்திக்கு ஒருத்தி உச்சியில் எண்ணெய் வைத்துவிடுவார்கள். முதல் ஆண்டு திலகவதி தன் தலையில் தானே ஊற்றிக்கொள்ளப் போனபோது பூங்கோதைதான் கையைப் பிடித்தாள். "அடியே, தானே எண்ணெய் வச்சுக்கிட்டா அது தீபாவளி இல்ல, வெறும் வெள்ளிக்கிழமை!"

பிறகு பூங்கோதைக்குக் கல்யாணமாகி, நிலவின் மறுபக்கத்தில் இருந்த கிழக்குப் பள்ளத்துக்குப் போனாள். முதலில் அடிக்கடி பேசினார்கள். அப்புறம் வாங்கிகள் பேசிக்கொண்டன. கடைசியாக எப்போது அவள் குரலைக் கேட்டோம் என்று யோசித்தாள். நேற்றுக்கூடக் கேட்டதாகத்தான் தோன்றியது. 'நன்றி திலகா, ரொம்ப அருமையா இருக்கு.'

உடனே அழைத்தாள்.

"திலகா!" என்றது பூங்கோதையின் குரல். அதே குரல், 'கா'வில் லேசாக இழுக்கும் அதே இழுப்பு. "உன் பரிசு ரொம்ப அருமை!"

"பூங்கோதை, நீ எப்படி இருக்கே?"

"நிறம் எனக்கு ரொம்பப் பொருத்தம்."

திலகவதிக்குச் சந்தேகம் வந்தது. "நான் கால் ஒடிஞ்சு கிடக்கேன்டி."

"உனக்குத்தான் இப்படியெல்லாம் தேர்ந்தெடுக்கத் தெரியும்."

"எங்க வீடு பத்திக்கிட்டு எரியுது."

"வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். நன்றி!"

திலகவதி அழைப்பைத் துண்டித்தாள். தன் குரலும் இப்படி எத்தனை பேரிடம் என்னென்ன சொல்லியிருக்கும் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

சமையலறையில் அவள் கணவன் மாசிலாமணி இட்லியைக் கயிற்று வலையால் மூடிய தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். நிலவின் ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்குதான். மெத்தென்ற இட்லியை வேகமாக வைத்தால் அது எழுந்து போய்விடும்.

மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. *தொம்.* கொஞ்ச நேரம் அமைதி. *டக்.* மறுபடியும் அமைதி. *தொம்.*

"மேல் வீட்டு யானை எழுந்தாச்சு," என்றான் மாசிலாமணி.

பூமியில் ஒருவர் குதித்தால் அரை நொடியில் தரைக்கு வந்துவிடுவார். அதே குதி நிலவில் மூன்று நொடி நீளும். ஆள் உயரத்துக்கு மேலேயும் போகும். எனவே இங்கே உடற்பயிற்சிக்குக் குதிப்பவர்களின் சத்தம் இரண்டு வகை. தரையில் ஒன்று, கூரையில் ஒன்று. ஆறு ஆண்டுகளாகக் காலை தோறும் இதேதான். திலகவதி ஒருமுறை பொறுக்க முடியாமல் புகார் கொடுக்கச் சொன்னாள். வாங்கி அதை 'அக்கம்பக்க உறவில் குறை' என்று வகைப்படுத்தி, மேல் வீட்டுக்குத் தடித்த கம்பளம் ஒன்றைப் பரிசாக அனுப்பிவிட்டது. பதிலுக்கு அங்கிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. அவள் பிரித்துப் பார்த்த ஒரே பரிசு அதுதான். உள்ளே காதடைப்பான்கள் இருந்தன. அதன் பிறகு மேல் வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'திமிர்' என்ற சொல்லும் கூடவே வரும்.

"நான் பூங்கோதை வீட்டுக்குப் போகணும்," என்றாள் திலகவதி. "தீபாவளி அன்னைக்கு விடியறதுக்குள்ள."

மாசிலாமணி இட்லியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான். "எப்படி? குகை ரயில்ல இந்த வாரம் ஆளுக்கு இடம் கிடையாது. பரிசுக்குத்தான்."

"தெரியும்."

"அவ விலாசம் தெரியுமா?"

அதுவும் ஒரு சிக்கல். ஒருவரின் முகவரி இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பது நிலவின் சட்டம். வாங்கிக்கு மட்டுமே அது தெரியும். அதுவும் பெட்டிமேல் ஒட்டுவதற்கு மட்டும். கேட்டுப் பார்த்தாள். "தேவையற்ற தகவல்," என்றது அது. "பரிசு அனுப்பலாம்."

அன்று முழுவதும் அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னாள்.

"ஏங்க, சரக்குக்குத்தான் ரயில்ல இடம் இருக்கு. சரக்குக்குத்தான் வழியும் தெரியும்."

"சரி?"

"அப்போ நான் சரக்காப் போறேன்."

மாசிலாமணி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான். காற்றுக் குழாய்த் துறையில் பொறியாளன் அவன். எதையும் ஒரு வேலையாகப் பார்த்தால்தான் அவனுக்கு நிம்மதி. "உயிர்ப்பெட்டின்னு ஒண்ணு இருக்கு. கோழி, முயல் எல்லாம் பரிசா அனுப்பறது. உள்ளே காற்று இருக்கும். ஆனா பன்னிரண்டு கிலோவுக்கு மேல ஏத்த மாட்டான்."

"நான் அறுபது."

"அறுபது உன் நிறை. அவங்க வச்சிருக்கறது சுருள்வில் தராசு. நிலவுல அது உன்னைப் பத்துன்னுதான் காட்டும்." அவன் முகம் மலர்ந்தது. "சட்டத்தை எழுதினவன் பூமிக்காரன். தப்பு அவனோடது."

மறுநாள் மாலை மாசிலாமணி பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். திலகவதி மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். வெற்றிலை கிடைக்கவில்லை.

"அறிவிப்புல என்ன வகைன்னு போடட்டும்?" என்று கேட்டான் அவன். "கோழின்னா முட்டை உண்டான்னு கேக்கும். முயல்னா இனம் கேக்கும்."

"கிளின்னு போடுங்க. பேசும்னு போடுங்க."

"அது பொருத்தம். 'உடையக்கூடியது' போடவா?"

அவள் பெட்டிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏங்க," என்றாள். "ஆறு வருஷமா இயந்திரத்தை விட்டே பரிசு அனுப்பிட்டு இருந்தவ. இப்போ திடீர்னு கையை நீட்டிக்கிட்டுப் போய் நின்னா, அவ 'யாரு நீ'ன்னு கேட்டுட்டா?"

மாசிலாமணி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "கேட்டா திருப்பி அனுப்புவா. ஏழு நாளைக்குள்ள திருப்பிக்கலாம்னு பெட்டியிலேயே போட்டிருக்கு. நான் எடுத்துக்கறேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவன் மூடினான்.

பெட்டியை வாசலிலிருந்த பரிசுக் குழாய் உள்ளிழுத்துக்கொண்டது. அதன் பிறகு இருட்டு, ஆட்டம், நிறுத்தம், மறுபடி ஆட்டம். நிலவின் எல்லாப் பரிசுகளும் ஒரே பிரிப்பு நிலையத்துக்குப் போய்த்தான் திரும்பும். அங்கே பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. அவள் முறை வந்ததும் ஓர் இயந்திரக் குரல் கேட்டது.

"அறிவிப்பு: கிளி. பேசும். சோதனைக்காகப் பேசவும்."

என்ன பேசுவது? வாயில் வந்ததைச் சொன்னாள். "கங்கா ஸ்நானம் ஆச்சா?"

"பண்டிகைக்கு ஏற்ற கிளி," என்றது குரல். "நற்சான்று வழங்கப்படுகிறது." மூடியின்மேல் எதையோ பட்டென்று ஒட்டியது.

பக்கத்துப் பெட்டியில் நிஜக் கோழி ஒன்று இருந்தது. வழி முழுதும் அது கேரிக்கொண்டே வந்தது. திலகவதி நடுவில் தூங்கிக்கூடப் போனாள். விழித்தபோது ஒன்பது மணி நேரம் கடந்திருந்தது. பெட்டி எங்கோ செங்குத்தாக இறங்கி, வழுக்கி, மெத்தென்று நின்றது. அவள் காதுக்குப் பின்னாலிருந்து வாங்கி மகிழ்ச்சியோடு சொன்னது:

"உங்கள் பரிசு கிடைத்துவிட்டது. பூங்கோதையிடமிருந்து நன்றி வந்திருக்கிறது: 'கிளி ரொம்ப அருமை. நிறம் எனக்கு ரொம்பப் பொருத்தம்.'"

தான் எங்கே வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளிருந்தே தாழை நெம்பி மூடியைத் தூக்கினாள். நான்கு பக்கமும் கூரை வரை பெட்டிகள். பிரிக்காதவை. எட்டிய பெட்டிகளின் சீட்டைப் படித்தாள். 'அன்புடன் திலகா.' 'அன்புடன் திலகா.' மேலே ஒரு நீளப் பெட்டிக்குள் ஆறு விரல்கள் தாளைக் கிழிக்க முயன்றுகொண்டிருந்தன. நன்றி அறையின் கதவு வெளியே பூட்டியிருந்தது.

கதவைத் தட்டினாள். "பூங்கோதை!"

வெளியே காலடி ஓசை. பிறகு தயங்கிய குரல். "யாரது? கிளியா?"

அந்தக் குரல் கரகரத்தது, தூக்கம் கலையாதது, யாருக்கும் நன்றி சொல்லாதது. திலகவதிக்குக் கண் கலங்கியது.

"கிளிதான்டி. கதவைத் திற."

கதவு திறந்தது. கையில் துடைப்பத்தை ஓங்கியபடி பூங்கோதை நின்றாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், முன்நெற்றியில் நரை. துடைப்பம் மெதுவாக, நிலவுக்கே உரிய நிதானத்தோடு, அவள் கையிலிருந்து நழுவித் தரையைத் தொட்டது.

"கால் ஒடிஞ்சு கிடக்கேன்னு உன்கிட்டச் சொன்னேன்," என்றாள் திலகவதி. வேறு எதுவும் தோன்றவில்லை. "நிறம் பொருத்தம்னு சொன்னே."

"நானா சொன்னேன்?" பூங்கோதை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தக் கால்டி?"

"ஒடியலை. எண்ணெய் வைக்க ஆள் இல்லைன்னியே. வந்திருக்கேன்."

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டாள். "அதை நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன். அது உன் காது வரைக்கும் வந்துச்சா?"

"பன்னிரண்டு லிட்டர் வந்திருக்கு. எல்லாம் உள்ளே கிடக்கு."

அதற்கு மேல் இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிப்பு நடுவில் வேறு எதுவாகவோ மாறி, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 'யாரு நீ' என்று அவள் கேட்கவே இல்லை.

விடிய இன்னும் நேரமிருந்தது. மேலே, யாரும் பார்க்காத நிலவின் தரையில், முழுப் பூமி காய்ந்துகொண்டிருந்தது. பூங்கோதையின் கணவன் செவ்வாய்க்குப் போகும் கப்பலில் வேலை செய்தான். திரும்ப இன்னும் ஓராண்டு ஆகும். கூடம் அச்சு அசலாகத் திலகவதி வீட்டுக் கூடம் போலவே இருந்தது. நிலவில் எல்லா வீடும் ஒரே அச்சுதான். நடுவில் மட்டும் தடித்த கம்பளம் ஒன்று விரித்திருந்தது.

"அதுல உக்காரு, எண்ணெய் பட்டாலும் பரவாயில்லை," என்றாள் பூங்கோதை. "அது ஒரு வேண்டாத ஜன்மம் கொடுத்தது."

திலகவதி குப்பியைத் திறந்தாள். மூன்று சொட்டு முதலில் தரைக்கு. சொட்டுகள் அவசரமில்லாமல் இறங்கின. பிறகு பூங்கோதையின் உச்சியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"ஆ, மெதுவா! உன் கை இன்னும் முரட்டுக் கைதான்."

"ஆறு விரல் கை உள்ளே இருக்கு, கூப்பிடவா?"

"வேண்டாம் தாயே. இதே இருக்கட்டும்." பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள். "அவர் கப்பல்ல போனதுலேர்ந்து நாலு வருஷமா நானேதான்டி வச்சுக்கிட்டேன். நாலும் வெள்ளிக்கிழமைதான்."

எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே திலகவதி கேட்டாள். "யாரு அந்த வேண்டாத ஜன்மம்?"

"கீழ் வீட்டுக்காரி. முகத்தைப் பார்த்ததில்லை. நேரா வந்து 'சத்தமா இருக்கு'ன்னு சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? சொல்லாம, கம்பளத்தை அனுப்பறா. மனசுல மகாராணின்னு நினைப்பு."

"எங்க மேல் வீட்டுலயும் ஒண்ணு இருக்கு," என்றாள் திலகவதி ஆறுதலாக. "செய்யறதையும் செஞ்சுட்டு, காதுல வச்சுக்கோன்னு அடைப்பான் அனுப்பிச்சா பாரு."

"அடிப்பாவி! காதடைப்பானா? என்ன நெஞ்சழுத்தம்!"

"அதைத்தான் நானும் சொன்னேன்."

"இந்தக் காலத்துல மனுஷங்க எங்கேடி இருக்காங்க," என்றாள் பூங்கோதை. "முன்னாடியாவது கடைக்குப் போறப்ப நாலு முகத்தைப் பார்ப்போம். இப்போ வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணம் இல்லை."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். இப்போது பூங்கோதையின் கை திலகவதியின் தலையில். பெருமூச்சு விட்டு நிமிர்ந்தபோதுதான் திலகவதி கூரையைப் பார்த்தாள். ஓரிடத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்து, இரண்டு உள்ளங்கை அளவுக்கு வெளுத்திருந்தது. சுவரில் ஆணியில் ஒரு குதிகயிறு தொங்கியது.

அவள் காதில் அழைப்பு ஒலித்தது. கணவன் மனைவிக்குள் மட்டும் வாங்கி குறுக்கே வராது. அங்கே நன்றி சொல்லும் வழக்கம் இல்லை என்று அது எப்போதோ கண்டுபிடித்துவிட்டது.

"போய்ச் சேர்ந்தியா?" என்றான் மாசிலாமணி.

"சேர்ந்துட்டேன். எண்ணெய் வச்சுட்டு இருக்கோம்."

"'யாரு நீ'ன்னு கேட்டாளா?"

"கேக்கலை."

"அவருதானே?" என்றாள் பூங்கோதை. உற்சாகம் தாங்காமல் எழுந்தாள். "தீபாவளி வாழ்த்துன்னு சொல்லு! என் திலகா வந்துட்டான்னு சொல்லு!" சொல்லிக்கொண்டே, விடுதியில் தேர்வு முடிந்த நாட்களில் குதிப்பது போல, இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி குதித்தாள். நிதானமாக மேலே போனாள். கூரையில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். நிதானமாகக் கம்பளத்தின் ஓரம் தாண்டி வெறுந்தரையில் இறங்கினாள்.

"இதோ பாரு," என்றான் மாசிலாமணி காதில். "நல்ல நாளும் அதுவுமா மேல் வீட்டு யானை ஆரம்பிச்சிடுச்சு."

திலகவதியின் நெற்றியிலிருந்து எண்ணெய்ச் சொட்டு ஒன்று மெல்ல இறங்கிப் புருவத்தில் நின்றது.

"பூங்கோதை, இன்னொரு தரம் குதி."

"எதுக்கு?"

"குதியேன்."

பூங்கோதை குதித்தாள்.

"இதோ, இன்னொண்ணு," என்றான் மாசிலாமணி.

திலகவதி வாங்கியிடம் மெல்லக் கேட்டாள். "இது எந்தப் பள்ளம்?"

"தேவையற்ற தகவல்," என்றது வாங்கி.

"என்னடி முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" பூங்கோதை அவள் முன்னால் வந்து மண்டியிட்டாள். "நான் கிழக்குப் பள்ளத்தை விட்டு வந்ததைச் சொல்லலைன்னு கோபமா? ஆறு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியனுப்பினேனே. புதுமனைக்கு நீகூட வெள்ளி விளக்கு அனுப்பினியே. அங்கேதான், அந்த அறையிலதான் எங்கேயோ இருக்கு."

"கோபம் இல்லை," என்றாள் திலகவதி. ஒன்பது மணி நேரம் பெட்டிக்குள் மடங்கியிருந்த முழங்காலைத் தடவிக்கொண்டாள். பிறகு கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, அடியிலிருந்த தரையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். கீழேயிருந்து, 'என்ன சத்தம் அது?' என்று மாசிலாமணி கேட்டது அவள் காதில் விழுந்தது.

"பூங்கோதை," என்றாள். "அந்தக் கீழ் வீட்டு மகாராணி நான்தான்."